கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போய் வந்தோம்

போன வருஷம், 2006இல், ஆயுத பூஜை முடிந்த கையோடு எங்கள் ஊரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு கம்ப்யூட்டரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது இந்தப் பக்கம் நாலைந்து ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கெட்டுப்போனால் எப்படிக் கொண்டுபோவது, எந்த பஸ், எவ்வளவு ஆகும் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு விஷயம் நடந்தால் நடந்தபடி மனதில் நிற்கும், அது நல்லதானாலும் சரி, எனக்கு யாராவது செய்த கெடுதலானாலும் சரி. ஒற்றை விரலால் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருமானூரிலிருந்து நாலு கிலோமீட்டர், கொள்ளிடத்தை ஒட்டினாற்போல். பெரம்பலூரில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அந்த வருஷம் தை மாதம் எங்கள் குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டரும், போன் லைனும், கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கரும் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஸ்டெல்லா. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாவது வரை படித்தவள். தினமும் சாயங்காலம் இன்டர்நெட்டில் பார்த்து, ஆறரை மணிக்கு மைக்கில் சொல்வாள். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் என்ன விலை, பருத்தி என்ன விலை, எந்த ஊரில் கண் டாக்டர் வருகிறார், கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கிறார்களா என்று. முன்பெல்லாம் தண்ணீர் வந்த பிறகுதான் தண்ணீர் வரும் சேதி எங்களுக்கு வரும். மணல் திட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒருத்தரும் மாட்டவில்லை.

ஆனால் இளைஞர் மன்றத்துச் செயலாளர் சேகருக்கு இது முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. "பொம்பளைங்க கையில குடுத்தா ஆறு மாசத்துல பரண்ல ஏறிடும்" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னான். சொன்ன கிழமைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை. தொண்டு நிறுவனத்து இளங்கோ சார் ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். ஒரு வருஷம் பெண்களிடம் இருக்கட்டும். ஓடாமல் நின்றுபோனால் மன்றத்துக்கு மாற்றிவிடுவோம். மன்றத்துக்குப் போனால் ஸ்டெல்லாவுக்கு வேலை போகும். கம்ப்யூட்டர் இருக்கும் வாசற்படியை நாங்கள் ஏறுவதும் போகும். மன்றத்தில் கேரம் போர்டு நடுவே எந்தப் பெண் போய் உட்கார்ந்து வெங்காய விலை கேட்பாள்?

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் மெஷின், தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்த இடத்தில் கம்ப்யூட்டரையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிட்டோம். மறுநாள் போட்டால் அஞ்சு நிமிஷம் ஓடியது, பிறகு தானாக அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அஞ்சு நிமிஷம். ரெண்டு நாள் பூஜை லீவு என்று ஊர் சும்மா இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் சேகர் பேச ஆரம்பித்துவிடுவான். ஆகவே செவ்வாய் விடியக்காலையில் கிளம்பி, பெரம்பலூர் போய்ச் சரி பண்ணி, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவது என்று முடிவு.

போனது மூன்று பேர். நான், ஸ்டெல்லா, குழுத் தலைவி தனலட்சுமி. தனலட்சுமி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. 1997இல் என் மகள் கல்யாணத்தில், முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த என் அண்ணனை, சம்பந்தி வீட்டுக்காரருக்கு இடம் வேண்டுமென்று எழுப்பிவிட்டாள். இலையில் உட்கார்ந்த மனுஷனை எழுப்பலாமா? அன்றிலிருந்து அவளோடு நேர்ப்பேச்சு கிடையாது. குழுவில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஸ்டெல்லா வழியாகத்தான். அந்தப் பெண்ணும் பழகிவிட்டாள்.

எதைத் தூக்கிப்போவது என்று முதலில் ஒரு தகராறு. கீழே இருக்கும் பெட்டி மட்டும் போதும் என்று ஸ்டெல்லா சொன்னாள். உடம்பைத் தூக்கிக்கொண்டு தலையை வீட்டில் விட்டுவிட்டா வைத்தியரிடம் போவார்கள் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே டிவி மாதிரி இருப்பதை நான் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பெட்டியைத் தனலட்சுமி பழைய நூல் புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒயர் எல்லாம் ஸ்டெல்லாவின் கூடையில்.

ஆறேகால் டவுன் பஸ். திருமானூருக்கு ஆளுக்கு ரெண்டு ரூபாய். திருமானூரில் பத்து நிமிஷத்தில் தஞ்சாவூரிலிருந்து வரும் அரியலூர் பஸ் வந்தது. அரியலூருக்கு ஆளுக்கு எட்டு ரூபாய், சுமார் இருபத்தேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டு பார்த்து உட்காருங்கள், அங்கேதான் குலுக்கல் கம்மி. கடைசி சீட்டில் உட்கார்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் பெட்டி மேலே எகிறும், நீங்களும் எகிறுவீர்கள்.

கண்டக்டர் என் மடியைப் பார்த்தார். அப்போதுதான் ஊர் ஊராக இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம்.

"என்னம்மா, இலவச டிவியா? உங்க ஊருக்குக் குடுத்துட்டாங்களா?"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"டிவி இல்ல தம்பி, கம்ப்யூட்டரு."

"அப்ப லக்கேஜ் போடணும்."

"மடியில வச்சிருக்கேன், அதுக்கு எதுக்கு லக்கேஜ்?"

"கொழந்தைய மடியில வச்சாதாம்மா டிக்கெட் இல்ல."

"கொழந்தைன்னே வச்சுக்கயேன். வந்து ஒம்பது மாசம்தான் ஆவுது."

சிரித்துவிட்டு, ரெண்டு மூட்டைக்கும் சேர்த்து எட்டு ரூபாய் லக்கேஜ் கிழித்தார். சிரித்ததற்காகக் காசு குறையவில்லை. பின் சீட்டில் ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. எந்த ஆபீஸில் டிவி கொடுக்கிறார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று துளைத்தெடுத்தார். கம்பளியை விலக்கிக் காட்டினேன். "கண்ணாடி இருக்குல்ல, அப்ப டிவிதான். வாங்கிட்டு மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு கீழப்பழூரில் கோபமாக இறங்கிப்போனார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி எப்போதும் இருக்கும். கம்ப்யூட்டரை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். அரியலூர் ஒரு தடவை தனி மாவட்டமாகி, திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்து, இப்போது மறுபடி தனி மாவட்டம் ஆகிறது. அது எப்படி ஆனாலும் பஸ் நிற்கும் இடம் மாறாது. பெரம்பலூர் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் காத்திருந்தோம். டீ குடிக்கத் தனலட்சுமிக்குக் கை இல்லை. பெட்டியைத் தரையில் வைக்க மனசும் இல்லை.

"ஸ்டெல்லா, பெட்டிய இப்படிக் குடுக்கச் சொல்லு. ஆறிப்போவுது டீ" என்றேன்.

"ஸ்டெல்லா, அவங்க மடியில ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, தாங்குமான்னு கேளு" என்றாள் அவள்.

"ஆறு புள்ள சுமந்த மடின்னு சொல்லு."

ஸ்டெல்லா டீயைக் குடித்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேருக்கும் கேட்டுடுச்சு அம்மாயி, நான் வேற சொல்லணுமா?" என்றாள்.

பெரம்பலூருக்கு இன்னொரு முப்பது கிலோமீட்டர், ஆளுக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். ரெண்டு பக்கமும் பருத்தி. ஒன்பதுக்கு இறங்கினோம். கம்ப்யூட்டர் கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும், முன்னாலேயே போய் வெயிலில் நிற்காதீர்கள். நாங்கள் போனது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பஷீர் பாய், முப்பது வயது இருக்கும். மூட்டைகளைப் பிரித்ததும் சிரித்தார்.

"மாஷா அல்லா, குடும்பத்தோட வந்துருக்கீங்க. இந்த டிவிப் பெட்டியை எதுக்கும்மா தூக்கினீங்க? இது நல்லாத்தான் இருக்கும்."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. தனலட்சுமி பார்த்தாள். அதையும் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அவர் எங்களுக்கு டீ சொன்னார். "நான் நோன்புமா, நீங்க குடிங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் பின்னால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை இழுத்தார். பெட்டியைச் சாய்த்ததும் பொரி கொட்டியது. மேஜைமேல் ஒரு கைப்பிடி. அதற்குப் பின்னால் வெல்லத்துண்டு ஒன்று, எறும்போடு.

"இதுக்குத் தீனி வேற போடுவீங்களாம்மா?" என்றார் பாய்.

பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு மூடி முன்பே உடைந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டை பார்க்க அச்சு அசல் விளக்கு மாடம் மாதிரியே இருக்கும். பூஜையன்று அதில் வெற்றிலை போட்டு ஆளுக்கு ஒரு பிடி பொரி வைத்திருக்கிறோம். மாடத்துக்குப் பின்சுவர் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

"ஏன் ஸ்டெல்லா, நீ பாத்துட்டுதானே இருந்த? சொல்லக் கூடாதா?" என்றேன்.

"உங்க சாமி விஷயம் அம்மாயி. நான் சர்ச்சுக்குப் போறவ, வேணாம்னு எப்படிச் சொல்றது? நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

பாய் இடுக்கியால் ஒரே ஒரு பொட்டுக்கடலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதாம்மா உங்க வியாதி. காத்தாடிக்குள்ள சிக்கிடுச்சு. காத்தாடி சுத்தலன்னா சூடாவும். சூடானா எரிஞ்சு போவாம இருக்க அதுவா நின்னுக்கும். நல்ல மிஷினு, புத்தியா நின்னுருக்கு."

துடைத்து, ஊதி, எறும்பையெல்லாம் விரட்டி, போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபது கொடுத்தோம். அப்போது நான் ஒன்று கேட்டேன். மறுபடி நின்றால் மறுபடி இவ்வளவு தூரம் சுமக்க வேண்டுமா என்று.

"நீங்களே தொறக்கலாமே. மொதல்ல கரன்ட் ஒயரைப் புடுங்கணும். அப்புறம் இந்த இரும்பை ஒரு தடவ தொட்டுட்டு உள்ள கை வைக்கணும். காத்தாடி சுத்துதான்னு பாக்கணும். அவ்ளோதான். ஒக்காருங்க, தொறங்க பாப்போம்."

மூன்று பேரும் ஆளுக்கு ரெண்டு தடவை திறந்து மூடினோம். தனலட்சுமிக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அவள் வீட்டில் ஆயில் இன்ஜின் இருக்கிறது, அந்தத் திமிர்.

"ஸ்டெல்லா, ஸ்க்ரூவ எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லு அவங்கள."

"ஸ்டெல்லா, எனக்குத் தெரியும்னு சொல்லு."

பாய் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதானம்மா ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். கீழே ஒரு ஹார்டுவேர் கடையில் இருபத்தைந்து ரூபாய்க்கு நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கினேன். என் சொந்தக் காசு.

ரெண்டு மணி பஸ் கிடைத்தது. அரியலூருக்கு வெளியே ஒரு லாரி பஞ்சராகி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரம் போனது. ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் போனால் பெரம்பலூரை ஒரு மணிக்கே விட்டுவிடுங்கள். திருமானூரில் டவுன் பஸ் பிடித்து ஊரில் இறங்கியபோது ஆறேகால். பஸ் நிறுத்தத்தில் சேகர் நாலு பேரோடு நின்றுகொண்டிருந்தான். கம்பளியும் புடவையும் அவிழ்ந்து கிடந்தன, மறைக்க வழியில்லை.

"என்ன பெரியம்மா, கம்ப்யூட்டர் ஊரு சுத்திப் பாத்துட்டு வருதா?"

"ஆமாடா. அதுக்கும் நல்லது கெட்டது பாக்க வேணாமா?"

"கெட்டதுதான் பாத்தாச்சே. சார் வந்து உக்காந்திருக்காரு, போங்க."

நிஜமாகவே இளங்கோ சார் எங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். சேகர் மத்தியானமே போன் போட்டு வரவழைத்திருக்கிறான். "நின்னுபோச்சுன்னு சொன்னாங்களே, உண்மையாம்மா?" என்று கேட்டார். பூஜை லீவு என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் தனலட்சுமி வாயைத் திறந்துவிட்டாள்.

"ஆமாங்க சார். நின்னுச்சு. சாமிக்குப் படைச்ச பொரி உள்ள போயிடுச்சு."

கூட்டம் சிரித்தது. சேகர் ரொம்பச் சிரித்தான். "பாத்தீங்களா சார். கம்ப்யூட்டருக்குப் பொரி ஊட்டியிருக்காங்க. இவங்க கையில எப்படி விடுவீங்க?"

"முந்தாநேத்து உன் வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சது யாருடா? அந்த வண்டி படிச்ச வண்டியா?" என்று கேட்டேன். சிரிப்பு அவன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வந்தது.

இளங்கோ சார் சிரிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். மறுபடி நின்னா என்ன பண்ணுவீங்க? மறுபடி பெரம்பலூரா?" என்றார்.

சுருக்குப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஆறரைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. ஸ்டெல்லா மைக் செட் போட ஓடினாள். மேஜைமேல் பெட்டியை வைத்து, தனலட்சுமி ஸ்க்ரூ கழற்ற, நான் டார்ச் அடித்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் இல்லாததால் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

"பாத்து. அந்தச் சிவப்பு ஒயரு" என்றேன் நேராகவே.

"பாத்துட்டேன்க்கா" என்றாள்.

தகட்டை இழுத்தோம். இது காத்தாடி, இதில்தான் கடலை சிக்கியது என்று சாருக்குக் காட்டினோம். விரலால் தள்ளிச் சுற்றிக் காட்டினோம். சார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "சேகர், நீங்க ஒரு தடவ மூடிக் காட்டுங்களேன்" என்றார்.

சேகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஷாக் அடிக்கும் சார்."

"ஒயரே மாட்டலடா தம்பி. காத்தாடி கடிக்காது, வா" என்றாள் தனலட்சுமி. அவன் வரவில்லை. நாங்களே மூடினோம்.

சுவிட்சைப் போட்டாயிற்று. எல்லாருக்கும் தெரியும், அஞ்சு நிமிஷத்தில் அணைந்தால் கதை முடிந்தது. அறையில் இருபது பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அஞ்சு தாண்டியது. பத்து தாண்டியது. போன் லைன் கீச்சென்று கத்தி இன்டர்நெட் பிடித்தது. ஸ்டெல்லா படித்ததைத் தாளில் எழுதாமலே மைக்கை எடுத்தாள். நாளைக் காலையில் கொள்ளிடத்தில் கூடுதலாகத் தண்ணீர் வருகிறது, மணல் திட்டுக்கு ஆடு மாடு ஓட்டாதீர்கள் என்று ரெண்டு தடவை சொன்னாள். பிறகு வெங்காய விலை. கொட்டகையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த ஒருத்தர் ரோட்டிலிருந்து கத்தினார், "இன்னிக்கு ஏன்மா இவ்ளோ லேட்டு?" என்று. அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும் என்று சார் சொல்லிவிட்டுப் போனார். மன்றத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வருகிறார்கள். சேகருக்குக் கடைசி பெஞ்சு. அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு அது.

போகிறவர்களுக்குச் சிலது. மூன்று பேர் போய் வர பஸ், லக்கேஜ், சாப்பாடு, ரிப்பேர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு முந்நூற்றைம்பதுக்குள் ஆனது. டிவி மாதிரி இருப்பதைத் தூக்கிப்போகாதீர்கள், எனக்கு ரெண்டு நாள் முட்டி வலித்தது. சாமி கும்பிடுங்கள், பிரசாதத்தைத் தட்டில் தள்ளி வையுங்கள். பளிச்சென்ற துணியில் சுற்றாதீர்கள், டிவி என்று நினைத்துப் பின்னாலேயே வருவார்கள்.

ஆனால் இவ்வளவு தூரம் வழி சொன்னவளே சொல்கிறேன், உடனே பஸ் ஏறாதீர்கள். போன மாதம் மீன்சுருட்டியில் ஒரு குழுவுக்கு இப்படித்தான் நின்றது. நானும் தனலட்சுமியும் போனோம். அவர்கள் மூட்டை கட்டி, பஸ்ஸுக்குச் சில்லறை மாற்றி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். மூட்டையைப் பிரித்து அவர்களையே திறக்கச் சொன்னோம். உள்ளே காத்தாடி ஓரத்தில் ரெண்டு பல்லி முட்டை. எடுத்துப் போட்டதும் ஓடியது. அந்தக் குழுத் தலைவி பயந்து பயந்து நாலாவது ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, நான் தொறந்தேன்" என்றாள். அவர் வந்து பார்த்தார். அவர்கள் பெரம்பலூர் போகவில்லை.